உம்மாவுக்கு நான் மொழிபெயர்க்காமல் விட்ட மூன்று நிமிஷம்



நீளமான பதிவு. வேலையில் இருக்கிற ஆக்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். நானாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ட நிறையையும் எழுதப் போறியா?" என்று கேட்டார். "அதுதானே முக்கியம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி எழுது, பேர மட்டும் போடாத" என்றார்.

போன கிழமை இரவு பதினொரு மணிக்கு என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா கோல் எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறார். "டீச்சர், இவருக்கு குழாய் போடக் கேக்குறாங்க. போட்டா ஆள் வராதுன்னு எங்கட மாமி செல்றாங்க. கையெழுத்து வெக்கவா வேணாமா?" நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி அதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன். அன்றைக்கு என்னால் ஒரு பெரிய பிழை நடந்தது. அதைச் சொல்லாமல் அவருக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது. ஆகவே இது.

2023, ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை. நானாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். பெரிய உடம்பு, சின்ன வயதிலிருந்தே. குர்பான் இறைச்சியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான், மழையில் நனைந்து நனைந்து. அடுத்த நாள் காய்ச்சல். பனடோல், கொத்தமல்லி, வேது பிடித்தல், எல்லாம் நடந்தது. ஐந்தாம் நாள் இரவு மதினி என்னைக் கூப்பிட்டா. நான் போனபோது கட்டிலின் ஓரத்தில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வசனத்தை முடிக்க மூன்று தடவை மூச்சு எடுத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "களைப்பா ஈக்கிது, கொஞ்சம் சாய்ந்து படுங்க நானா" என்று நேராகப் படுக்க வைத்தேன். இரண்டு நிமிஷம் இருக்காது, உதடு நிறம் மாறிவிட்டது. திரும்ப எழுப்பி உட்கார வைத்தோம். கொரோனாக் காலத்தில் வாங்கி அலுமாரிக்குள் போட்டு வைத்த விரலில் மாட்டும் கருவியைத் தேடி எடுத்தால் 81 காட்டியது. 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து, வீட்டிலிருந்தே ஒட்சிசன் போட்டு, களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. இந்தச் சேவையை இந்தியாவின் உதவியோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியபோது எங்களில் எத்தனை பேர் நக்கலாகக் கதைத்தோம் என்று அந்த வண்டிக்குள் இருந்துகொண்டு யோசித்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பை வைத்த மாஸ்க் போட்டார்கள். 81 மெல்ல ஏறி 92, 93 ஆனது. எங்களுக்கு உயிர் வந்தது. நானா கையைக் காட்டித் தண்ணி கேட்டார். வாய் காய்ந்து வெள்ளையாக இருந்தது. போத்தலில் ஸம்ஸம் கொண்டு வந்திருந்தேன். மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்து இரண்டு மிடறு கொடுத்தேன். இருமினார். இன்னும் இரண்டு மிடறு. திரையில் இலக்கம் 84. மிஸ் ஓடிவந்து மாஸ்க்கை அழுத்திவிட்டு சிங்களத்தில் எனக்கு ஏசினா. எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாய் தண்ணிக்கு இவ்வளவா என்று. கோபப்பட்ட அந்த ஆள் பதினொரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சுவாசம் படிப்பித்தவள்.

பிறகு டொக்டர் வந்தார். இளம் ஆள், சிங்களவர், கண் இரண்டும் சிவந்து இருந்தது. என்னைத்தான் கூப்பிட்டார், எங்கள் கூட்டத்தில் நல்லா சிங்களம் கதைக்கிறது நான் என்பதால். நுரையீரல் இரண்டிலும் நியூமோனியா, நிமிஷத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு எடுக்கிறார், உடம்பு களைத்துக்கொண்டு போகிறது, நித்திரைத் தூக்கம் வருவது நல்ல அறிகுறி இல்லை, காபனீரொட்சைட்டு வெளியே போகாமல் தேங்குகிறது என்றார். தூங்க வைத்து, தொண்டை வழியாகச் சுவாசக் குழாய் போட்டு, மெஷினில் விட வேண்டி வரலாம். அதற்கு முதல் இன்னொரு இறுக்கமான மாஸ்க்கை மெஷினோடு பூட்டி நுரையீரலை ஒட்சிசனால் நிரப்பப் போகிறோம், அவருடைய உடம்புக்கு அந்தக் கட்டம் மிக முக்கியம், அவர் மாஸ்க்கைக் கழற்றாமல் இருக்க நீங்கள் உதவ வேண்டும் என்றார். இதெல்லாம் அவர் சொன்னார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. கடைசியில் "டீச்சர், பய வென்ன எபா" என்றும் சொன்னார்.

வெளியே வாங்கில் உம்மா தஸ்பீஹோடு இருந்தா. "என்ன மகள் செல்றாங்க?" என்று கேட்டா.

நான் சொன்னது: "குழாய் போடணுமாம் உம்மா."

அவ்வளவுதான். டொக்டர் சொன்னதில் பத்தில் ஒன்றைத்தான் தமிழில் சொன்னேன்.

உம்மா எழும்பி நின்றா. "வேணாம். என்ட தம்பிக்கும் குழாயத்தானே போட்டாங்க" என்றா.

மாமாவின் கதை ஊரில் தெரிந்ததுதான், தெரியாத ஆக்களுக்காகச் சொல்கிறேன். 2021 ஓகஸ்ட், டெல்டா பரவிய நேரம். மாமாவும் பருத்த ஆள். வேறொரு ஆஸ்பத்திரி. குழாய் போடப் போகிறோம் என்று தொலைபேசியில் ஒரு தடவை சொன்னார்கள். அடுத்த கோல் மவுத்துச் செய்தி. முகம் பார்க்கவில்லை. ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போனது. அதற்கு முந்திய வருஷம் ஏப்ரலில் இருந்து எரிக்கத்தான் வேண்டும் என்று இருந்த சட்டம் 2021 பெப்ரவரி கடைசியில் மாறி, மார்ச் 5ஆம் திகதி முதல் அங்கே அடக்க விட்டார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள், அவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். உம்மாவுக்கு "குழாய்" என்ற சொல்லுக்குள் இது எல்லாம் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் அவவின் மடியில் போட்டவள் நான்.

நாற்பது நிமிஷம் அப்படியே போனது. சாச்சா வந்தார், சின்ன மச்சான் வந்தார், ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை. தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவோமா என்று ஒருவர். கட்டிலிலிருந்து எடுத்தால் வழியிலேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லத் துணிவு வரவில்லை. கடைசியில் அந்த டொக்டரே வெளியே வந்தார். உம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அம்மே" என்று தொடங்கினார். இந்த முறை ஒரு வசனத்துக்கு ஒரு வசனம் நான் தமிழில் சொன்னேன். "குழாய் ஆளைக் கொல்றதில்ல. மூச்சு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தேவையான சாமான உள்ளுக்குப் போட்டுட்டுத்தான் நாங்க தொடங்குவோம்." உம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு என்னிடம், "செய்யச் செல்லு" என்றா.

அந்த "சாமான்" என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது தெரிந்தால் வார்டில் நாங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும்.

நீர்வெட்டு அறிவித்தல் வந்தால் என்ன செய்வோம்? தண்ணி நிற்கிறதுக்கு முதல் டாங்கி, பரல், வாளி, கேத்தல் எல்லாவற்றையும் நிரப்புவோம். குழாய் போடுவதும் ஒரு வெட்டுத்தான். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்ததும் ஆள் சுயமாக மூச்சு எடுப்பது நின்றுவிடும். அதிலிருந்து டொக்டர் தொண்டைக்குள் பார்த்து, குழாயைச் சரியான இடத்தில் வைத்து, மெஷின் காற்றுத் தள்ளத் தொடங்கும் வரை உடம்புக்குப் புது ஒட்சிசன் வராது. அந்த இடைவெளியில் உயிர் ஓடுவது நுரையீரலில் ஏற்கெனவே மிஞ்சி இருக்கிறதை வைத்துத்தான்.

சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் ஒரு பெரிய ஆளின் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் காற்று மிஞ்சும். அதுதான் டாங்கி. ஆனால் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒட்சிசன், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். அப்படியென்றால் டாங்கியில் உருப்படியாக இருப்பது அரை லீற்றர் மட்டும். உடம்பு சும்மா படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்குக் கால் லீற்றர் அளவு செலவாகும். கணக்குப் போட்டால் இரண்டு நிமிஷத்துக்கும் காணாது. இப்போது இறுக்கமான மாஸ்க்கில் மூன்று நிமிஷம் தனி ஒட்சிசன் மட்டும் இழுக்க வைத்தால் நைதரசன் கழுவுப்பட்டு வெளியேறி, அதே டாங்கி நிறைய ஒட்சிசனாகிவிடும். சுகமான ஒல்லியான ஆளுக்கு ஆறு, ஏழு நிமிஷம் தாங்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விரலில் உள்ள கருவி 99, 100 காட்டினால் டாங்கி நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது இரத்தத்தில் உள்ளதை மட்டும்தான் காட்டும். நுரையீரலில் நைதரசன் மிச்சம் இருக்கும்போதே அது 100 காட்டிவிடும். அதனால்தான் "இப்ப நல்லாத்தானே ஈக்கிது, மாஸ்க்கக் கொஞ்சம் கழட்டுவோம்" என்று நாங்கள் நினைக்கிற நேரம் பார்த்து அவர்கள் ஏசுகிறார்கள். மாஸ்க்கைத் தூக்கி விடும் ஒவ்வொரு மூச்சிலும் வார்டுக் காற்று உள்ளே போகிறது, நைதரசன் திரும்பவும் குடியேறுகிறது. மாஸ்க் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். தாடி அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மாஸ்க் இறுக்கமாகப் பொருந்தாமல் காற்றுக் கசியும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் கொடுத்த தண்ணி இன்னொரு ஆபத்து. வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். ஸம்ஸமாக இருந்தாலும்.

இனி பருத்த உடம்பின் விஷயம். இங்கேதான் நாங்கள் எல்லோரும் வெட்கப்பட்டு வாயை மூடுகிறோம்.

நேராகப் படுத்தால் வயிற்றின் பாரம் பிரிமென்றகட்டை மேலே தள்ளும். நெஞ்சின் மேலுள்ள கொழுப்பும் அழுத்தும். நுரையீரலின் அடிப்பக்கச் சிற்றறைகள் காற்றில்லாத பைகள் மாதிரி ஒட்டிப்போகும். டாங்கி சுருங்கிவிடுகிறது. செலவோ கூட, பெரிய உடம்புக்கு ஒட்சிசனும் அதிகம் வேண்டும். சின்ன டாங்கி, பெரிய குடும்பம். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் சத்திரசிகிச்சைக்கு வந்த ஆக்களை மூன்று பிரிவாக எடுத்து, முழுமையாக ஒட்சிசன் நிரப்பிய பிறகு மூச்சு நின்ற நிலையில் இலக்கம் 90க்கு இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். சாதாரண நிறை உள்ளவர்களுக்குச் சராசரியாக 364 செக்கன். பருத்தவர்களுக்கு 247. மிக அதிகமாகப் பருத்தவர்களுக்கு 163. ஆறு நிமிஷம் மூன்று நிமிஷத்துக்கும் குறைந்துவிட்டது. அவர்களும் நியூமோனியா வந்து களைத்த ஆக்கள் இல்லை. நோய்ப்பட்ட நுரையீரலில் இன்னும் சுருக்கு. அதோடு 90க்குக் கீழே இறக்கம் செங்குத்து. 100இலிருந்து 90க்கு வர எடுக்கிற நேரம் 90இலிருந்து 70க்கு வர எடுக்காது.

நான் நானாவை வீட்டில் நேராகப் படுக்க வைத்தபோது உதடு ஏன் நிறம் மாறியது என்று இப்போது விளங்குகிறதா? அவர் கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது, டீச்சருக்குத்தான் தெரியவில்லை.

டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். நானா புது மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, தலைக்குப் பின்னால் பட்டி போட்டு இறுக்கிய மாஸ்க், குழாயால் மெஷினோடு பூட்டியிருந்தது. அது ஒட்சிசனைக் கொடுப்பது மட்டுமில்லை, அழுத்தத்தோடு தள்ளுகிறது, மூச்சை விடும்போதும் கொஞ்சம் அழுத்தம் விட்டு வைக்கிறது. ஒட்டிப்போன சிற்றறைகள் அதில் திறபடும். சுருங்கிய டாங்கியைக் கொஞ்சமாவது விரித்து, விரித்த இடத்தையும் நிரப்புகிற வேலை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். தோளுக்கும் தலைக்கும் கீழே மடித்த பெட்ஷீட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, காதும் நெஞ்செலும்பும் ஒரே மட்டத்தில் வரும்படி ஒரு சரிவு. சுற்றிவர உள்ள விலை கூடின கருவிகளுக்கு நடுவே, அந்த மடித்த பெட்ஷீட்டுகள் என் கண்ணுக்குள் இன்னும் நிற்கின்றன. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில் மிகவும் பருத்த 42 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேராகப் படுத்து ஒட்சிசன் எடுத்தவர்கள் 92க்கு இறங்கச் சராசரியாக 155 செக்கன். தலைப்பக்கத்தை 25 பாகை உயர்த்தி எடுத்தவர்களுக்கு 201. கட்டிலை உயர்த்தினதுக்கு முக்கால் நிமிஷம் கிடைக்கிறது, செலவில்லாமல்.

"கையப் பிடிங்க, கழட்ட விடாதீங்க" என்றார் டொக்டர். நானாவின் கையைப் பிடித்தேன். கடைசியாக எப்போது அந்தக் கையைப் பிடித்தேன் என்று ஞாபகம் இல்லை, வாப்பா மவுத்தான நாளாக இருக்கலாம். "நானா, மெஷின் தள்ளுற நேரம் இழுங்க, அதோட சண்ட பிடிக்காதீங்க" என்று டொக்டர் சொன்னதைக் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது ஒரு சொல்லும் விடவில்லை. அவர் மெல்ல அடங்கினார். 88, 91, 95, 97.

பக்கத்தில் இருந்த மிஸ் நிறை எவ்வளவு என்று கேட்டா. மருந்தின் அளவுக்கும் மெஷினின் அளவுக்கும் நிறையும் உயரமும் வேண்டும். திரைக்கு வெளியே நின்ற மதினி, "தொண்ணூறு... தொண்ணூத்தஞ்சு" என்றா. மிஸ் நானாவைப் பார்த்தா, திரும்ப மதினியைப் பார்த்தா, ஒன்றும் சொல்லாமல் எதையோ எழுதினா. குறட்டை விடுவாரா, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருமா என்று டொக்டர் கேட்டார். மதினி இல்லை என்று தலையாட்டினா. நாங்கள் எத்தனை வருஷமாக அந்தக் குறட்டையை வைத்துச் சிரித்திருக்கிறோம்! நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப அலாரம் தேவையில்லை, நானாவின் குறட்டை நின்றால் போதும் என்று பகிடி விடுவோம். நின்றது பகிடி இல்லை, மூச்சுத்தான் நின்றிருக்கிறது. மதினி பொய் சொன்னது புருஷனின் மானத்தைக் காப்பாற்ற. அது எனக்கு விளங்குகிறது. நானே குறுக்கிட்டு, "விடுவார் டொக்டர், மூச்சு நின்று நின்று வரும்" என்றேன். டொக்டர் தலையசைத்துவிட்டு, இன்னொரு பெரிய டொக்டரை வரச் சொல்லி அனுப்பினார். தொண்டைப் பாதை கஷ்டமாக இருக்கக்கூடிய ஆளுக்கு அனுபவம் கூடிய கை வேண்டும் என்பதற்காக.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிஷம் என்று என் போன் சொல்கிறது. உம்மா யாஸீன் ஓதிக்கொண்டிருந்தா. திரையை விலக்கிக்கொண்டு வந்த மிஸ், முதலில் எனக்கு ஏசின அதே மிஸ், பெருவிரலை உயர்த்திக் காட்டினா.

எட்டு நாள் மெஷினில் இருந்தார். பிறகும் நடக்க, விழுங்க, ஒழுங்காகக் கதைக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்குக் கடைக்குப் போய் வருகிறார். அந்த இரவில் அவருக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். "கரையோர ரயில்ல மிதிபலகையில நின்டு காத்துக்கு நேரா வாயத் திறந்தா எப்பிடி ஈக்கும், அப்பிடி. பயமா ஈந்திச்சி. அதுக்குள்ள உன்ட சத்தம் கேட்டிச்சி."

இதெல்லாம் நான் பின்னால் தேடிப் படித்தவை, கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டவை. நானா வீட்டுக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில், 2024 ஜூனில், நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. ப்ரியொக்ஸி என்று பெயர். அமெரிக்காவில் 24 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடும் நோயாளிகள் 1,301 பேர். குழாய் போட முதல் பாதிப் பேருக்குச் சாதாரண ஒட்சிசன் மாஸ்க், பாதிப் பேருக்கு நானாவுக்குப் போட்ட மாதிரி அழுத்தம் தரும் மாஸ்க். குழாய் போடும் நேரத்தில் ஒட்சிசன் 85க்குக் கீழே போனது முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 18.5 பேருக்கு, மற்றதில் 9.1 பேருக்கு. சரிபாதி. இருதயம் நின்றது ஒரு பக்கம் ஏழு பேருக்கு, மறுபக்கம் ஒருவருக்கு. இரவு ஒரு மணிக்கு அதை வாசித்துவிட்டு மதினிக்கு வொய்ஸ் அனுப்பினேன்.

எல்லோருக்கும் இந்த மாஸ்க் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அழுத்தத்தோடு காற்றுத் தள்ளுவது ஆபத்து. சிலருக்கு மூக்கு வழியாக வேகமாக ஒட்சிசன் விடும் முறை. சிலருக்கு இந்த மாஸ்க்கே போதுமாகி, குழாய் தேவைப்படாமலும் போகும். அதைத் தீர்மானிப்பது அங்கே நிற்கிற டொக்டர். எங்கள் வேலை அவர்களுக்கு உண்மையைச் சொல்வதும், அந்த மூன்று நிமிஷத்தைக் குழப்பாமல் விடுவதும். வீட்டில் மூச்சு இழுக்கிறவரை நேராகப் படுக்க வைக்காதீர்கள், உட்கார வைத்துக்கொண்டே 1990க்கு அடியுங்கள். கட்டிப்பல் இருந்தால் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் என்னைப் போலச் சுருக்கிச் சொல்லாதீர்கள்.

அன்றிரவு கோல் எடுத்த அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதன் சுருக்கம்தான். "டொக்டர்ட்ட கேளுங்க, குழாய்க்கு முந்தி எப்பிடி ஒட்சிசன் நிரப்பப் போறீங்கன்னு. அவர் செல்றதக் கேட்டுட்டு, மாமிக்கும் முழுசா விளங்கப்படுத்துங்க." கையெழுத்து வைத்தார். அவருடைய கணவர் இன்னும் மெஷினில்தான் இருக்கிறார். துஆச் செய்யுங்கள்.

உம்மா ஒரு நாள் நான் இந்த நீர்வெட்டுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "மாமாவுக்கும் இப்பிடி நிரப்பித்தான் போட்டிருப்பாங்களா மகள்?" என்றா. மாமா மவுத்தான அதே கிழமையில்தான், 2021 ஓகஸ்ட் 22ஆம் திகதி, விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனோடு இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. நாடே ஒட்சிசனுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. "நிரப்பியிருப்பாங்க உம்மா" என்றேன். அவ வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நானாவின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குடிக்கிற மருந்துகள், சீனி வருத்தம், பிரஷர், குறட்டையும் நித்திரையில் மூச்சு நிற்பதும், 2023இல் குழாய் போட்டது, அப்போது பெரிய டொக்டரைக் கூப்பிட வேண்டி வந்தது, உயரம், நிறை. நிறையை மட்டும் அவர் கையாலேயே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மாதத்தில் கடையில் வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்திருக்கிறார், 131. யாருக்கும் சொல்லவில்லை. மதினிக்குக்கூட. போன மாதம் தாளில் 114 என்று எழுதியிருந்தார். வீட்டுத் தராசில் ஏற்றிப் பார்த்தேன், 117. "சாரமும் சேர்த்து" என்றார். வெட்டிவிட்டு 117 என்று எழுதச் சொன்னேன்.